கோதிக்கா, ஸ்வான்ஸா?

பாரடைஸ் லாஸ்டின் 'கோதிக்' (1991), மை டையிங் பிரைடின் 'டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்' (1993): இந்த இரண்டு மெட்டல் இசை ஆல்பங்களில் எது மேல்? பாடியவை இரண்டுமே இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் இசைக்குழுக்கள், இரண்டு ஆல்பங்களையும் வெளியிட்டது பீஸ்வில் இசை நிறுவனம்.

'கோதிக்'கில் பாடகர் நிக் ஹோம்ஸ் உறுமிக்கொண்டிருக்க, கிரெக் மெக்கின்டாஷின் கிட்டார் மேலே தனியாக அழும். தலைப்புப் பாடலில் நுழையும் பெண் குரலைப் பின்னால் எத்தனையோ குழுக்கள் எடுத்துக்கொண்டன. ஒலிப்பதிவுதான் கலங்கல்.

'ஸ்வான்ஸ்' அவசரமே படாது. முதல் பாடலில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. கீபோர்டு, மார்ட்டின் பவலின் வயலின், ஆரன் ஸ்டெய்ன்தார்ப்பின் குரல், அவ்வளவுதான். எக்ஸ்ட்ரீம் மெட்டல் (மெட்டலிலேயே கடுமையான வகை) ஆல்பத்தை இப்படித் தொடங்க நெஞ்சழுத்தம் வேண்டும்! அப்புறம் உறுமலும் தெளிவான பாட்டும் மாறி மாறி வருகின்றன. சோகம் நடிப்பாகத் தெரிவதில்லை. 'தி கிரவுன் ஆஃப் சிம்பதி' 12 நிமிடத்தைத் தாண்டி இழுக்கிறது, சரி. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.