மானுக்குப் போட்ட குளோவர் விதை: வாங்கலாமா?

ஒஹையோவில் எங்கள் காட்டோரத் துண்டு நிலத்தில் வெள்ளைவால் மான்கள் மேய்வதற்காக இந்த லாடினோ குளோவர் (பெரிய இலை கொண்ட ஒரு வகைத் தீவனப் பயிர்) விதையைத் தூவினோம். முளைப்பு அருமை. கடுகைவிடச் சின்ன விதை. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வராது. அதனால் மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகும் மண்ணில் கையால் விசிறியதோடு சரி. விரிசல்களில் தானாகவே இறங்கிவிட்டது.

குறை என்றால் பையின் எடைதான். விதைமேல் ஒட்டிய வெள்ளைப் பூச்சே மூன்றில் ஒரு பங்கு. லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிய மாதிரி! ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் வேர்முடிச்சு பாக்டீரியாவும் அந்தப் பூச்சிலேயே இருப்பதால் தனியாக வாங்க வேண்டியதில்லை.

அப்புறம், அதே கடையின் சோயா விதை? நிலம் ஒரு ஏக்கருக்குக் குறைவென்றால் வேண்டாம். காய் பிடிக்கும் முன்பே மான்கள் மொட்டையடித்துவிடும். மின்வேலி போடத் தயார் என்றால் வாங்குங்கள்.