இரண்டே படம்தான் அனுப்பலாம்: லண்டன் ராயல் அகாடமி கோடைக் கண்காட்சி

லண்டனில் ஓய்வு நேரத்தில் வரைகிற நண்பர்கள் சிலர் இந்தக் கண்காட்சியைப் பற்றித் தொடர்ந்து கேட்டதால் இதை எழுதுகிறேன். பிக்காடில்லியில் இருக்கும் ராயல் அகாடமி என்ற கலை நிறுவனத்தின் கோடைக் கண்காட்சிக்கு, ஓவியக் கல்லூரி வாசலையே மிதிக்காத என்னைப் போன்றவர்களும் படம் அனுப்பலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 1769இல் தொடங்கி ஒரு வருடம்கூட விடாமல் நடக்கிற கண்காட்சி இது. நான் மூன்று வருடமாக அனுப்புகிறேன். இன்னும் சுவரில் ஏறவில்லை, ஒரே ஒரு முறை முதல் சுற்றைத் தாண்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய பத்து வருடத்தில் கற்றுக்கொண்டதைவிட இந்த மூன்று வருடத்தில் அதிகம் கற்றுக்கொண்டேன்.

நடைமுறை சுலபம். இணையத்தில் படத்தின் புகைப்படத்தை ஏற்றி, தலைப்பு, அளவு, விலை எல்லாம் குறிப்பிட வேண்டும். படம் ஒன்றுக்குச் சுமார் 40 பவுண்டு கட்டணம், தேர்வாகாவிட்டால் திரும்ப வராது. முதல் சுற்றில் புகைப்படத்தை மட்டும் பார்ப்பார்கள். அதில் தேறினால் சட்டம் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அகாடமி உறுப்பினர்களான ஓவியர்களே பார்த்து முடிவு செய்வார்கள். ஒருவர் அதிகபட்சம் இரண்டு படம்தான் அனுப்பலாம்.

இந்த 'இரண்டு' என்கிற விதிதான் என்னை மாற்றியது. முதல் வருடம் எதை அனுப்பலாம் என்று பார்க்க, நாற்பது நீர்வண்ணப் படங்களை ஹாலில் தரை முழுக்கப் பரப்பினேன். ஒவ்வொன்றாக வரைந்தபோது கண்ணில் படாதது அன்று ராத்திரி பளிச்சென்று தெரிந்தது. எல்லா வானமும் ஒரே நீலம், எல்லா நிழலும் ஒரே சாம்பல், பாதிக்கு மேல் யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்த கோபுரங்களும் படகுகளும். நான் கண்ணால் பார்த்து வரைந்தது என்று சொல்ல நாலைந்துகூட இல்லை. மனசு கஷ்டமாக இருந்தது. நேரமில்லாமல் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஒன்றையும் படகு ஒன்றையும் அனுப்பினேன், இரண்டும் தேறவில்லை.

அடுத்த வருடம் வீட்டில் இருப்பதையே வரைவது என்று முடிவு செய்தேன். அப்போது அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். குளிர்காலத்தில் அவர் தன் சுங்குடிச் சேலையை, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் உலரப் போடுவார், அதை வரைந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த படம், அதுவும் தேறவில்லை. ஏன் என்று யாரும் சொல்லப்போவதில்லை என்பதால், தேர்வுக்குழு போலப் புதுக் கண்ணால் நானும் பார்ப்போம் என்று அந்தப் புகைப்படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். சேலை எங்கே, ரேடியேட்டர் எங்கே, சுவர் எங்கே என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தது. நிறம் பார்த்து மயங்கி, வெளிச்சத்தையும் இருட்டையும் கோட்டைவிட்டிருந்தேன்.

மறுபடி அதே சேலையை வரைய உட்கார்ந்தபோது அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னடா எல்லாப் புள்ளியும் பொட்டு வெச்ச மாதிரி இருக்கு? இது கையால முடிச்சுப் போட்டது, நடுவுல துளி கலர் நிக்கும் பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் கோணலான ஒரு சின்ன வளையம், நடுவில் கடுகளவு அரக்கு நிறம். மடிப்பு திரும்புகிற இடத்தில் வளையம் நீண்டு அரிசி மாதிரி ஆகிவிடுகிறது, ரேடியேட்டரின் ஓரத்தில் பாதி காணாமலே போகிறது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தாளின் வெள்ளைதான், அதனால் அத்தனை வளையத்தையும் விட்டுவிட்டுச் சுற்றி வண்ணம் தீட்ட வேண்டும். மூன்று வாரம் ஆனது. அந்தப் படம்தான் மூன்றாவது வருடம் முதல் சுற்றில் தேறியது.

நேரில் கொடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, சட்டம் போட்ட கடையில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு கைரேகையை விட்டிருந்தார்கள், திரும்பப் பிரித்து மாட்ட வேண்டியதாயிற்று. நீங்கள் ஒரு வாரமாவது முன்கூட்டியே கொடுங்கள்.

கடைசியில் படம் சுவருக்குப் போகவில்லை. இங்கே தேர்வுக்குழுவில் 'டி', 'எக்ஸ்' என்று எழுத்துகளால் குறிப்பது பழைய வழக்கம். எக்ஸ் என்றால் வேண்டாம், டி என்றால் சந்தேகம், பிறகு யோசிக்கலாம். பல ஆயிரம் படங்கள் வந்து ஆயிரத்துச் சொச்சம்தான் மாட்டப்படுகிறது. பெரிய பெயர்களுக்கும் இதே கதிதான். 2018இல், தெருச் சுவர்களில் வரைந்து புகழ்பெற்ற பேங்க்ஸி வேறு பெயரில் அனுப்பிய படத்தை நிராகரித்தார்கள், பிறகு அவரையே அழைத்து ஒரு படம் வாங்கி மாட்டினார்கள். 1947இல் டேவிட் வின்டர் என்ற பெயரில் வந்த இரண்டு படங்கள் தேர்வாயின, வரைந்தவர் சர்ச்சில். அவரும் நம்மைப் போல ஓய்வு நேர ஓவியர்தான் என்பது எனக்கு இன்றும் தெம்பு தருகிற விஷயம்.

குறை என்று பார்த்தால், படம் ஏன் தேறவில்லை என்று ஒரு வரி விமர்சனம்கூட வராது. கருத்து கேட்டுத் திருத்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு உள்ளூர் ஓவியச் சங்கங்களின் சின்னப் போட்டிகள் மேல், அங்கே நடுவர் பக்கத்தில் நின்று பேசுவார். அப்புறம் செலவு. கட்டணம், சட்டம், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் கணிசமாக வரும். ஆனால் இந்தக் கண்காட்சி வருமானத்தில் ஒரு பகுதி, மாணவர்களிடம் கட்டணமே வாங்காத அகாடமியின் ஓவியப் பள்ளிக்குப் போகிறது என்பதால் எனக்கு அந்தப் பணம் வீணானதாகத் தோன்றவில்லை.

அனுப்புகிற எண்ணம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே வரைந்த எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிடுங்கள். இரண்டு படம் தேறினால் அனுப்புங்கள். தேறவில்லையா, சரி, அந்த 80 பவுண்டுக்கு நல்ல பருத்தித் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இந்த வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன்.