அப்பாச்சி ஏர்ஃப்ளோ: மூன்று வருடம் தினமும் ஓட்டிய அனுபவம்

எங்கள் கம்பெனிக்கு நாற்பது கடைகள். இரவு கடை சாத்தியதும் ஒவ்வொரு கடையின் பில்லிங் மெஷினும் அன்றைய விற்பனையை ஒரு ஃபைலாக அனுப்பும். கார்டு, யுபிஐ பணத்தின் செட்டில்மென்ட் தனியாக வரும், சரக்குக் கணக்கு வேறொரு டேட்டாபேஸில் கிடக்கும். இதையெல்லாம் இழுத்து போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் கட்டிய ஒரு டேட்டா வேர்ஹவுஸில் சேர்த்து, காலை ஒன்பது மணிக்குள் ரிப்போர்ட் தயாராக வைப்பது என் வேலை. மூன்று வருடம் முன்புவரை கிரானும் (குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் டூல்) கொஞ்சம் ஷெல் ஸ்கிரிப்டும்தான். இப்போது அப்பாச்சி ஏர்ஃப்ளோ, இப்படிப்பட்ட வேலைகளை வரிசைப்படி ஓட்டிவைக்கும் மென்பொருள். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் தீர்ப்பு: எடுக்கலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

முதலில் ஏன் மாறினோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை 9:10-க்கு கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார். "தம்பி, நேத்து விற்பனை ஏறக்குறைய டபுளா காட்டுதே, கொஞ்சம் பாருப்பா." பார்த்தால், இரவு ஓடிய ஸ்கிரிப்ட் முப்பத்தைந்து கடைகளை முடித்து அடுத்த கடையில் நெட் அறுந்து நின்றிருக்கிறது. காலையில் சீக்கிரம் வந்த தம்பி ஒருவர் அதை முதலிலிருந்து மறுபடி ஓட்டிவிட்டார். முப்பத்தைந்து கடைகளின் பில்கள் இரண்டாவது முறையும் டேபிளில் ஏறிவிட்டன. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நின்றுபோன வேலையை யாராக இருந்தாலும் மறுபடி ஓட்டத்தான் செய்வார்கள். ஓட்டினால் கணக்கு கெட்டுப்போகிற மாதிரி எழுதி வைத்திருந்ததுதான் தப்பு. நெட் போகும், டிஸ்க் நிரம்பும், மூல டேட்டாபேஸை யாராவது லாக் பண்ணி வைத்திருப்பார்கள், இதெல்லாம் அன்றாடம் நடப்பது. அதனால் ஒரு லோடை (டேட்டாவை டேபிளில் ஏற்றும் வேலையை) நம்பலாமா என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதே நாளுக்கு அதை இரண்டு முறை, ஐந்து முறை ஓட்டினாலும் அதே எண்தான் நிற்கிறதா?

ஏர்ஃப்ளோ 2014 அக்டோபரில் ஏர்பிஎன்பியில் மேக்சிம் போஷ்மின் தொடங்கியது. 2015-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியே வந்தது, 2019 ஜனவரியில் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுத் திட்டமானது. 2.0 வந்தது 2020 டிசம்பரில், 3.0 2025 ஏப்ரலில். காசு கிடையாது, மெஷின் செலவு மட்டும்தான். நாங்கள் 4 கோர், 16 ஜிபி மெஷின் ஒன்றில் லோக்கல் எக்ஸிகியூட்டர் (எல்லா வேலையையும் அதே மெஷினில் ஓட்டும் முறை) வைத்தே சமாளிக்கிறோம். பல மெஷின்களில் பிரித்து ஓட்டும் செலரி, குபெர்னெட்டிஸ் என்றெல்லாம் போக இதுவரை தேவைப்படவில்லை.

இது டேட்டாவைத் தூக்கிச் சுமக்கிற ஆள் இல்லை, மேஸ்திரி. எந்த வேலை முடிந்து எந்த வேலை தொடங்க வேண்டும், எது நின்றுபோனால் எதைத் தொடக்கூடாது என்பதை பைத்தானில் எழுதிக் கொடுத்தால் (அதற்கு டேக் என்று பெயர்) அதன்படி வேலை வாங்கும். ஒவ்வொரு நாளின் ஓட்டமும் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வரிசையாக நிற்கும், ஒவ்வொரு டாஸ்க்கும் ஒரு சின்னக் கட்டமாக, முடிந்தால் பச்சை, விழுந்தால் சிவப்பு. சிவப்புக் கட்டத்தைத் தொட்டு லாகைப் பார்த்து, சரிசெய்து, கிளியர் என்று அழுத்தினால் அந்த டாஸ்க்கும் அதற்குப் பின்னால் இருப்பவையும் மட்டும் அந்த நாளுக்காக மறுபடி ஓடும். முன்பு என்னை மாதிரி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து டெர்மினலில் உட்கார வேண்டியிருந்த வேலை இது.

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் திரை இல்லை, தேதி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏர்ஃப்ளோ ஒரு காலத் துண்டைக் கையில் கொடுக்கிறது: இங்கிருந்து இதுவரை உள்ள டேட்டாவுக்கு நீ பொறுப்பு என்று. 12-ம் தேதிக்கான ஓட்டம் 12 முழுவதும் முடிந்தபின், அதாவது 13 பிறந்ததும்தான் கிளம்பும் (3.0-ல் இதன் இயல்பு செட்டிங் மாறியதைக் கீழே சொல்கிறேன்). புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் இதுதான். பழைய பதிப்புகளில் இதற்கு எக்ஸிகியூஷன் டேட் என்று பெயர் வைத்திருந்ததால், ஓடுகிற தேதி என்று நினைத்துக்கொள்வார்கள். 2.2-ல் லாஜிக்கல் டேட், டேட்டா இன்டர்வல் என்று தெளிவான பெயர்கள் வந்தன. இந்தத் தேதியை மட்டும் வைத்து குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதினால், மூன்று மாதம் கழித்து அதே நாளை ஓட்டினாலும் அதே நாளின் டேட்டாதான் வரும். நடுவில் எங்காவது ஓர் இடத்தில் 'இன்றைய தேதி' என்று எழுதிவிட்டீர்கள் என்றால் எல்லாம் போச்சு, ஏர்ஃப்ளோ மட்டுமல்ல எந்த டூலும் காப்பாற்றாது. எங்கள் டீமில் ரிவ்யூ செய்யும்போது நான் முதலில் தேடுவது, இப்போதைய நேரத்தைத் தரும் நவ் என்ற சொல்லைத்தான்.

நம் ஊர் நேரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஏர்ஃப்ளோ உள்ளே எல்லாவற்றையும் யுடிசியில்தான் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்) வைத்திருக்கும். டைம்சோன் சொல்லாமல் நள்ளிரவு என்று எழுதினால் நமக்குக் காலை 5:30. சரி, ஏசியா கொல்கத்தா என்று கொடுத்துவிட்டோம், நம் நள்ளிரவுக்குச் சரியாக ஓடுகிறது, இனி என்ன என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் 12-ம் தேதி தொடங்கும் நேரம் யுடிசியில் 11-ம் தேதி மாலை 6:30. ஓட்டத்தின் தேதிக்காக டெம்ப்ளேட்டில் எல்லோரும் போடும் அந்த டிஎஸ் என்ற சுருக்கம் யுடிசி தேதியைத்தான் எடுக்கும், அதனால் 12-க்கான ஓட்டம் 11 என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். எர்ரர் எதுவும் வராது, எல்லாம் பச்சையாகவே இருக்கும், ஒரு நாள் தள்ளி மட்டும் இருக்கும். டேட்டா இன்டர்வலின் தொடக்கத்தை எடுத்து நம் டைம்சோனுக்கு மாற்றி, அப்புறம் தேதியைப் பிரித்தெடுங்கள். இதற்கென்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறோம், தேதி தேவைப்படும் எந்த டேக்கும் அதைத்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் விதி.

இனி ஏர்ஃப்ளோ செய்யாததைச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது. கணக்கு சரியா என்று அதற்குத் தெரியாது. பாதி ஃபைலை ஏற்றிவிட்டு உங்கள் கோடு எர்ரர் தராமல் முடிந்தால் அது பச்சை காட்டும். அதனால் லோடை நாம்தான் ஒழுங்காகக் கட்ட வேண்டும். நாங்கள் கடை ஃபைலை நேராக விற்பனை டேபிளில் ஏற்றுவதே இல்லை. முதலில் ஒரு ஸ்டேஜிங் டேபிளை (தற்காலிகமாக வைத்துச் சரிபார்க்கும் டேபிள்) காலி செய்து அதில் காப்பி கமாண்டால் கொட்டுகிறோம். ஃபைலின் கடைசி வரியில் பில் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருக்கும். ஸ்டேஜிங்கில் எண்ணிப் பார்த்தது அதோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகாவிட்டால் டாஸ்க் அங்கேயே விழ வேண்டும். ஒத்துப்போனால் ஒரே டிரான்சாக்‌ஷனில் அந்தக் கடையின் அந்த நாளை அழித்து, ஸ்டேஜிங்கில் உள்ளதை ஏற்றி, கமிட் (மாற்றத்தை நிரந்தரமாக்குவது). கமிட் ஆகும்வரை ரிப்போர்ட் பார்ப்பவர்களுக்குப் பழைய எண்தான் தெரியும், போஸ்ட்கிரெஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது. நடுவில் கரன்ட் போனாலும் பாதி ஏறிய நாள் என்று ஒன்று இருக்காது.

கடை எண்ணும் பில் எண்ணும் சேர்ந்தால் ஒரு பில்லை அடையாளம் காட்டப் போதும் என்று முதலில் நானும் நினைத்தேன். போதாது. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்து இருந்தால் போதும், அதனால் ஏப்ரல் 1 அன்று நிறைய கடைகளில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிதியாண்டையும் சேர்க்காமல் மெர்ஜ் (இருக்கும் வரியைப் புதுப்பித்து, இல்லாததைச் சேர்ப்பது) எழுதினால், புது வருடத்தின் முதல் பில் போன வருடத்தின் முதல் பில் மேல் போய் உட்காரும். இதை மார்ச்சிலேயே கண்டுபிடித்தோம், அது எங்கள் நல்ல நேரம்.

அப்புறம் தாமதமாக வருபவை. ஏதோ ஒரு கடையில் இரண்டு நாள் நெட் இருக்காது, 12-ம் தேதி பில்கள் 14-ம் தேதிதான் வரும். வந்த தேதியில் ஏற்றினால் 14-ம் தேதி விற்பனை பொய்யாகும். நாங்கள் ஒவ்வொரு இரவும் கடைசி 7 நாட்களுக்கு வந்திருக்கும் ஃபைல்கள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுகிறோம். அழித்து ஏற்றுவதால் எத்தனை முறை செய்தாலும் கவலையில்லை. கொஞ்சம் வீண் வேலைதான், ஆனால் எங்கள் அளவுக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆவதில்லை.

சரக்கு டேட்டாபேஸ் பெரியது, அங்கே இப்படி முடியாது. கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் மாறிய வரிகளை மட்டும் எடுக்கிறோம். இங்கே ஒரு நுணுக்கம்: 10:00 மணி முத்திரையோடு எழுதப்பட்ட வரி 10:06-க்குத்தான் கமிட் ஆகலாம். நாம் 10:05-க்கு எடுத்துவிட்டு அடுத்த முறை 10:05-லிருந்து தொடங்கினால் அந்த வரி நம் கண்ணில் படவே படாது. அதனால் எப்போதும் முப்பது நிமிடம் பின்னால் போய் எடுத்து, கீயை (வரியின் அடையாளத்தை) வைத்து மெர்ஜ் செய்கிறோம். அழிக்கப்பட்ட வரிகள் இந்த வழியில் தெரியவே தெரியாது. அது முக்கியம் என்றால் டெபீசியம் மாதிரி டேட்டாபேஸின் லாகையே படிக்கிற டூல் வேண்டும். எங்களுக்கு வாரம் ஒரு முறை கீகளை மட்டும் முழுதாக ஒப்பிட்டுப் பார்ப்பதே போதுமாக இருக்கிறது.

ஏர்ஃப்ளோவில் எதையும் இயல்பு செட்டிங்கில் விடாதீர்கள். ரீட்ரை (மறுமுயற்சி) இயல்பாக 0, அதாவது ஒரு முறை விழுந்தால் விழுந்ததுதான். நாங்கள் 3 வைத்து, ஒவ்வொரு முறையும் காத்திருப்பு நீள்கிற மாதிரி செய்திருக்கிறோம். ஃபைல் வரும்வரை காத்திருக்கும் சென்சார் இயல்பாக போக் என்ற முறையில் இருக்கும், காத்திருக்கும் நேரம் முழுவதும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும். ஒரு டேக்கில் ஒரே நேரத்தில் 16 டாஸ்க்தான் ஓடலாம் என்பது இயல்பு அளவு. நாற்பது கடைகளுக்கு நாற்பது சென்சார் போட்டால் பதினாறு சென்சார்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், ஃபைல் வந்துவிட்ட கடையையும் ஏற்ற இடம் இருக்காது. இடத்தை விட்டுவிட்டு அவ்வப்போது வந்து பார்க்கும் ரீஷெட்யூல் முறைக்கு மாற்றுங்கள், அல்லது காத்திருப்பை வேறொரு பிராசஸிடம் ஒப்படைக்கும் டிஃபரபிள் சென்சார் எடுங்கள். டைம்அவுட்டும் இயல்பாக 7 நாள், நீங்கள் அதைக் குறைக்காவிட்டால் வராத ஃபைலுக்காக ஒரு வாரம் காத்திருக்கும், உங்களுக்குத் தகவலும் வராது. டாஸ்க்குகள் தங்களுக்குள் சின்னத் தகவல்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்காம் வழியாகப் பெரிய டேட்டாவை ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பாதீர்கள், அது ஏர்ஃப்ளோவின் சொந்த டேட்டாபேஸில் போய் உட்காரும். ஃபைல் இருக்கும் பாதையை மட்டும் அனுப்புங்கள். பூல் என்ற வசதியை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய உதவி. சரக்கு டேட்டாபேஸுக்கு 3 இடம் கொண்ட ஒரு பூல் வைத்திருக்கிறேன், எத்தனை டேக் ஓடினாலும் அதன்மேல் ஒரே நேரத்தில் மூன்று குவெரிக்கு மேல் விழாது. அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோடு இருந்த சண்டை அன்றோடு தீர்ந்தது.

2-லிருந்து 3-க்குப் போகிறவர்கள் அவசரப்படாதீர்கள். 3-ல் கேட்ச்அப் (விடுபட்ட நாட்களைத் தானாக ஓட்டுவது) இயல்பாகவே ஆஃப், இது நல்லதுதான். முன்பு பழைய தொடக்கத் தேதி கொடுத்தால் விடுபட்ட நாட்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பும். ஆனால் எப்போது ஓட வேண்டும் என்பதை வெறும் கிரான் வரியாக எழுதியிருந்தால் இப்போது காலத் துண்டின் தொடக்கமும் முடிவும் ஒரே நேரமாக வரும். இரண்டுக்கும் இடையில் உள்ள டேட்டாவை எடு என்று எழுதிய குவெரி ஒரு வரிகூடத் தராது. பழைய நடத்தை வேண்டும் என்றால் அதற்கான செட்டிங்கை நீங்களே ஆன் செய்ய வேண்டும். இதற்காகவே காலியாக வந்த லோடை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாத ஒரு செக்கை எல்லா டேக்கிலும் போட்டுவிட்டுத்தான் நாங்கள் மாறினோம். மாறியபின் கிடைத்த பேக்ஃபில் (பழைய நாட்களை மொத்தமாக மறுபடி ஓட்டுவது) வசதி, அதைத் திரையிலிருந்தே கொடுக்க முடிவது, அந்த வேலைக்குத் தகும்.

யாருக்கு வேண்டாம்? ஐந்தாறு வேலைகள், ஒன்றையொன்று சார்ந்திருக்கவில்லை என்றால் கிரானே போதும், ஓட்டத்தின் முடிவை ஒரு டேபிளில் எழுதி வையுங்கள். பைத்தான் தெரிந்த ஒருவராவது இல்லாத இடத்துக்கும் இது சரிவராது. நிமிடத்துக்கு நிமிடம் டேட்டா வேண்டும் என்பவர்களுக்கு இது இடமே இல்லை, தொகுப்பாக ஏற்றும் வேலைக்குக் கட்டியது இது.

போன மாதம் ஒரு பொருள் வகையின் வரிப் பிரிவு பதினொரு மாதமாகத் தப்பாக மேப் ஆகியிருந்தது தெரிந்தது. மேப்பிங்கைத் திருத்தி, பதினொரு மாதத்துக்கும் பேக்ஃபில் கொடுத்து, ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை மதியம் எல்லாம் பச்சை. திங்களன்று கணக்குப் பிரிவு அக்கா தன் எக்செலில் வைத்திருந்த மாத மொத்தங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பத்து மாதம் அப்படியே ஒத்துப்போனது, ஒரு மாதத்தில் மட்டும் 340 ரூபாய் இடித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கடை கடையாகத் தேடினோம். ஒரு ரிட்டர்ன் பில் அவர் எக்செலில் விட்டுப்போயிருந்தது. அவர் தன் ஷீட்டைத் திருத்திக்கொண்டு, "சரி தம்பி, இனிமே இதையே வச்சுக்கறேன்" என்றார்.