சென்னை மொட்டை மாடியில் சாலட் இலை: லெட்டூஸா, பருப்புக்கீரையா?

ஒரு ஏப்ரல் மாதம் ஐஸ்பெர்க் லெட்டூஸ் விதையைத் தொட்டியில் தூவிவிட்டு, இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ஒன்றுகூட முளைக்காமல் போனதும் விதை விற்றவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் தெரிந்தது, தப்பு அவருடையது இல்லை. மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினாலே லெட்டூஸ் விதை உறக்கத்துக்குப் போய்விடும். அதே தொட்டியின் ஓரத்தில் நான் விதைக்காமலே ஒன்று செழித்துப் படர்ந்திருந்தது. பருப்புக்கீரை. கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். களை என்று பிடுங்கப்போனவன் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்தேன், லேசான புளிப்பு, நறுக்கென்று இருந்தது. அன்றிலிருந்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பைகளில் வளர்த்து வருகிறேன்.

லெட்டூஸை முதலில் பார்த்துவிடலாம், கவனிப்பு அதிகம் கேட்பது அதுதான். சென்னையில் அதற்கு மூன்று, நான்கு மாதம்தான் காலம். நவம்பரில் நாற்றுவிட்டு, மழை நேரடியாக அடிக்காத இடத்தில் வைத்துக் காப்பாற்றி, நான்கைந்து இலை வந்ததும் பைக்கு மாற்றினால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இலை கிடைக்கும். விதையை ஈரத் துணியில் மடித்து இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதைத்தால் அந்த உறக்கம் கலையும். ஆழமாகப் புதைக்கக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும்; மண்மேல் தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். வேர் மேலாகவே ஓடுவதால் எட்டு அங்குல ஆழப் பை தாராளம், ஆனால் அதே காரணத்தால் ஒரு நாள் தண்ணீர் விட மறந்தாலும் துவண்டுவிடும்.

ரகம் விஷயத்தில் தயவு செய்து ஐஸ்பெர்க்கை மறந்துவிடுங்கள். அது கோஸ் மாதிரி உருண்டு கட்டுவதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும், அது ஊட்டிக்காரர்களுக்கு. நமக்கு உருண்டு கட்டாத இலை ரகம்தான் சரி. 45-50 நாளில் வெளி இலைகளை மட்டும் கிள்ளிக்கொண்டே வரலாம், நடுக்குருத்தை விட்டுவைத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். நீள இலை ரகமான ரோமெய்ன் இன்னும் கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் கடிக்கும்போது வரும் அந்த மொறுமொறுப்புக்காக நான் நான்கு செடியாவது வைப்பேன். மார்ச் பிறந்ததும் நடுத்தண்டு விறுவிறுவென்று உயரும், கிள்ளினால் பால் வடியும், இலை கசக்கும் (லாக்டூகா என்கிற அதன் தாவரப் பெயரே பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்). அதற்கப்புறம் நிழல்வலை கட்டியெல்லாம் இழுத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பருப்புக்கீரைக்கு இந்தப் பாடே இல்லை. ஒரு தண்டை ஒடித்துச் செருகினால் பிடித்துக்கொள்ளும், கத்திரி வெயிலிலும் பளபளவென்று நிற்கும். தண்ணீர் குறையும்போது இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். அதனால்தான் விடிகாலையில் பறித்தால் புளிப்பு தூக்கலாகவும், சாயங்காலம் பறித்தால் சப்பென்றும் இருக்கிறது. எலுமிச்சை பிழியச் சோம்பலாக இருந்தால் காலையில் பறியுங்கள்! ஒமேகா-3 வகைக் கொழுப்பும் கீரைகளுக்குள் இதில் அதிகம்.

குறைகளும் உண்டு. கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய ஆக்ஸலேட் என்கிற உப்பு இதில் நிறைய, சிறுநீரகக் கல் வந்தவர்கள் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பது நல்லது. மற்றவர்களும் தயிர்ப் பச்சடியாகச் செய்தால் தயிரின் கால்சியம் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், ருசியும் அப்போதுதான் கூடுகிறது. பக்கத்தில் முளைக்கும் அம்மான் பச்சரிசி வகைச் செடிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தண்டை ஒடித்துப் பார்த்துப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. விதை சிந்தினால் மாடியில் இருக்கிற அத்தனை தொட்டியிலும் முளைக்கும், என் கறிவேப்பிலைத் தொட்டியைக் கேட்டால் சொல்லும். அப்புறம், சாண்ட்விச்சில் விரித்து வைக்க அகலமான இலை வேண்டுமென்றால் இது உதவாது. அதற்கு கொடிப்பசலையின் இளம் இலையை முயன்றேன், அந்த வழவழப்பு என் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, பருப்போடு சேர்ந்து கடைசலுக்குப் போய்விட்டது.

உரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சமைக்கிற கீரைக்கு ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் கலந்து புளிக்கவைத்த கரைசல்) ஊற்றுவது வேறு, பச்சையாகத் தின்னும் இலைக்கு ஊற்றுவது வேறு. சாணத்தில் இருக்கும் கிருமியை அடுப்பு கொல்லும், சாலட் கிண்ணம் கொல்லாது. மண்ணைத் தொட்டு வளரும் பயிரென்றால் பச்சைச் சாணத்தை மண்ணில் கலந்து 120 நாள் கழித்தே அறுவடை செய்யலாம் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நம் லெட்டூஸிலோ அதில் பாதி நாள் ஆவதற்குள்ளேயே இலை கிள்ளத் தொடங்கிவிடுவோம்! அதனால் நான் நன்றாக மக்கிய மண்புழு உரத்தை நடும்போதே கலந்துவிடுவேன், இலைமேல் எதுவும் தெளிப்பதில்லை. லெட்டூஸில் அசுவினி வந்தால் காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்தால் பூச்சி போகும், ஆனால் எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை சாலட்டில் நிற்கும்.

எனக்கு ஒரே ஒரு பைக்குத்தான் இடம் என்றால் யோசிக்காமல் பருப்புக்கீரை. ஐந்தாறு பைக்கு இடமிருந்து, மார்கழியில் தினமும் மாடியேறவும் மனசிருந்தால் லெட்டூஸும் வையுங்கள், அந்த இரண்டு மாதம் கடையில் வாங்கும் இலைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. இப்போது மீதி லெட்டூஸ் விதை ஃபிரிட்ஜில் டப்பாவுக்குள் இருக்கிறது, அது இருந்த பையில் பருப்புக்கீரை பூத்துக்கொண்டிருக்கிறது, விதை சிந்துவதற்குள் நாளைக் காலை போய் வெட்டியாக வேண்டும்.