பிக்மி மார்மோசெட்டா, நாக்டிலூக்காவா?

இந்த இரண்டு சின்ன உயிர்களில் எது அதிக வியப்பு என்பதுதான் கேள்வி. பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் போனால் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும் குரங்குதான் நமக்குத் தெரியும். அமேசான் காட்டு பிக்மி மார்மோசெட் என்ற குட்டிக் குரங்கோ மொத்தமே 100 கிராம் சொச்சம், கீழ்ப்பல்லால் மரப்பட்டையில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுவைத்து, பிசின் ஊறியதும் வந்து நக்கும். பொறுமைசாலி. சரி, கடலில் மிதக்கும் நாக்டிலூக்கா? ஒரே ஒரு செல், நன்றாக வளர்ந்தால் 2 மில்லிமீட்டர், பல்லும் இல்லை மூளையும் இல்லை, ஆனாலும் மற்ற மிதவை உயிரிகளை விழுங்குகிறது. அப்புறம் அந்த வெளிச்சம்! இருட்டில் அலை மோதினாலோ, நாம் காலை விட்டு அளைந்தாலோ, நீலமாக மின்னி அடுத்த நொடியே அணைந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் அமோனியா ஏறி மீன்கள் செத்து மிதக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.