வாறுகால் கட்ட எந்தப் பணத்தைக் கேட்பது? பொதுநிதி, தொகுதி நிதி, நமக்கு நாமே: ஒரு அலசல்

நெல்லை மாநகராட்சிக்குப் போகும் தெரு மனுக்களில் பெரும்பாலானவை "சாக்கடை தேங்குகிறது, ஆவன செய்யவும்" என்பதோடு நின்றுவிடும். எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது என்று யாரும் எழுதுவதில்லை. மனு மண்டல அலுவலகத்துக்கு வந்ததும் "நிதி இருப்பைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி பதில் வரும். அந்த வரி வந்துவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

ஒரு தெரு வேலைக்கு நாலு பக்கமிருந்து பணம் வரலாம்: மாநகராட்சிப் பொதுநிதி, எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி, எம்.பி. தொகுதி நிதி, மக்களும் பங்கு போடும் நமக்கு நாமே திட்டம். நாலுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் வேறு, சிக்கல் வரும் இடமும் வேறு. ஒப்பிட வசதியாக ஒரு கற்பனைத் தெருவை வைத்துக்கொள்வோம். 60 வீடு, வாறுகால் (தெருவோர வடிகால்) கட்டும் வேலை மதிப்பு 9 லட்சம் ரூபாய், தண்ணீர் போய்ச் சேரும் இடம் பாளையங்கால்வாய்.

பணத்துக்கு முன்னால் இரண்டு விஷயத்தை முடித்துவிட வேண்டும். ஒன்று, ரோடு யாருடையது. நெடுஞ்சாலைத் துறையின் ரோடாக இருந்தால் மாநகராட்சி மாமன்றம் தீர்மானம் போட்டும் பயனில்லை. இரண்டு, தண்ணீர் எங்கே விழும். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றால் 100 மீட்டர் நீளத்துக்கு அரை மீட்டர் இறங்க வேண்டும். 300 மீட்டர் தெருவுக்கு ஒன்றரை மீட்டர். கடைசியில் கால்வாயின் நீர்மட்டம் வாறுகால் தரையை விட உயரமாக இருந்தால், எந்தப் பணத்தில் கட்டினாலும் மழைக்குத் தண்ணீர் திரும்பி வீட்டுக்குத்தான் வரும். பாளையங்கால், நெல்லைக் கால்வாய் போன்ற பாசனக் கால்வாய்களில் இணைக்க நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கழிவுநீர் சேரும் வாறுகாலுக்கு அந்தச் சான்று எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த தெருவா, வரப்போகிற தெருவா என்பதையும் உதவிப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரப்போகிறது என்றால் இப்போது கட்டுவது இடிப்பதற்குத்தான்.

பொதுநிதி என்பது நம் வீட்டு வரியும், அரசு தரும் மானியமும் சேர்ந்தது. வார்டு கவுன்சிலர் கோரிக்கை வைப்பார், உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுவார், மாமன்றப் பொருள் நிரலில் ஏறும், தீர்மானம் ஆகும், பிறகு டெண்டர். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதி. தாமதம் அந்த 15 நாளில் இல்லை, அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. 9 லட்சத்துக்குத் தனி டெண்டர் விடுவது அபூர்வம்; நாலைந்து தெருவைச் சேர்த்து ஒரே வேலையாகக் கட்டிவிடுவார்கள். ஒப்பந்ததாரர் லாரி சுலபமாக நுழையும் தெருவில் ஆரம்பிப்பார். உங்கள் தெரு குறுகலான முடுக்கு மாதிரி இருந்தால் கடைசிதான்.

மதிப்பீடு போட்ட ஆண்டின் விலைப்பட்டியல் பழசாகிவிட்டால் டெண்டர் எடுக்க ஆளே வரமாட்டார்கள். "டெண்டர் விட்டோம், யாரும் கலந்துகொள்ளவில்லை" என்ற பதிலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த நிலையில் மனுப் போட வேண்டியது வாறுகாலுக்கு இல்லை, திருத்திய மதிப்பீட்டுக்கு.

மத்திய நிதிக்குழு மானியம் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். 15-ஆவது நிதிக்குழுவின் காலத்தில் (2021–26) பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு அதில் 60 சதவீதம் நிபந்தனைக்குட்பட்டதாக இருந்தது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, பாதி சுகாதாரம், திடக்கழிவுக்கு. எனவே தலைப்பு எழுதுவதில் கவனம் தேவை. "தெரு மேம்பாடு" என்று எழுதிய கோரிக்கை அந்த 60-க்குள் நுழைய முடியவில்லை.

பொதுநிதிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. கட்டிய வாறுகாலைத் தூர்வாரும் பொறுப்பு முதல் நாளிலிருந்தே மாநகராட்சியின் தலையில் இருக்கும். வார்டுக்குள் பகுதி வாரியாக மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து கேட்டு, அது கூட்டப் பதிவேட்டில் ஏறினால் முன்னுரிமைப் பட்டியலில் இடம் பிடிக்கவும் உதவும். கூட்டத்துக்குப் போய்விட்டுப் பதிவேட்டைப் பார்க்காமல் திரும்புவதில் பலனில்லை.

எம்.எல்.ஏ. நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. மாநகராட்சி திருநெல்வேலி, பாளையங்கோட்டை என இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் பரவிக் கிடக்கிறது. ஆகவே மனு எழுதுமுன் தெரு எந்தத் தொகுதி என்று பாருங்கள். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் ஆலங்குளம், அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் உட்பட 6 சட்டமன்றத் தொகுதிகள். சமமாகப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 83 லட்சம்தான். இரண்டிலும் மக்கள் பிரதிநிதி செய்வது பரிந்துரை மட்டுமே. நிர்வாக அனுமதி கலெக்டருடையது, கட்டுவது மாநகராட்சி. பரிந்துரைக் கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு "பணம் வந்துவிட்டது" என்று நினைப்பவர்கள் நிறைய.

இந்த நிதி கண்ணுக்குத் தெரியும் சொத்துக்கு ஏற்றது. அங்கன்வாடி, ரேஷன் கடை, பேருந்து நிழற்குடை எல்லாம் இதில் சீக்கிரம் நடக்கும். பராமரிப்புக்கு அங்கே பணம் கிடையாது. திறப்பு விழா முடிந்ததும் மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். உயர்கோபுர விளக்கு கேட்கும் தெருவினர், மாதாமாதம் மின்கட்டணம் மாநகராட்சிக் கணக்கில் ஏறும் என்பதையும் நினைக்க வேண்டும். தேர்தல் நடத்தை விதி இன்னொரு தடங்கல்: வேலை உத்தரவு கொடுத்திருந்தாலும் களத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால், தேர்தல் முடியும்வரை தொடங்க முடியாது. தேர்தல் வருஷத்தில் வாறுகாலுக்கு இந்த வழியை நாடாமல் இருப்பது நல்லது.

நமக்கு நாமேயில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். நீர்நிலை வேலை என்றால் பாதி. தனியாருக்கு மட்டும் பயன்படும் வேலையும் வழிபாட்டுத் தலங்களும் இதில் சேராது. மக்கள் பங்கு வந்துவிட்டால் "நிதி இல்லை" என்று கோப்பைத் தள்ளிவைப்பது அதிகாரிகளுக்குக் கஷ்டம். சின்ன வேலைக்கு நாலிலும் வேகமானது இதுதான்.

தெருக்காரர்கள் தடுக்கி விழுவது வசூல் கணக்கில். 9 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு 3 லட்சம், 60 வீட்டுக்கு ஆளுக்கு 5,000 என்று பேசி வசூலைத் தொடங்குவார்கள். ஆனால் 9 லட்சம் என்பது வேலை மதிப்பு மட்டும். ஒப்பந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 1,62,000. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 9,000. ஆக 10,71,000, அதில் மூன்றில் ஒரு பங்கு 3,57,000. வீட்டுக்கு 5,950. எல்லா வீடும் கொடுத்தால்தான் இந்தக் கணக்கும். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர், வாடகை வீடு, "என் வீடு மேடு, எனக்கு எதற்கு" என்பவர் என்று பத்து வீடு விலகினால் மீதி 50 வீட்டுக்கு 7,140 வரும். மொத்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய் வசூலிக்கக் கூடாது. தொகையை ஆணையர் பெயருக்கு வரைவோலையாகக் கட்டி, ரசீதை ஒருவர் கையில் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. "உங்கள் பங்கை நானே கட்டிவிடுகிறேன்" என்று ஒப்பந்ததாரரே வருவார். அவர் கட்டும் பணம் கம்பியிலும் சிமெண்டிலும்தான் ஈடாகும். மக்கள் பாதிக்குமேல் கட்டினால் வேலையைத் தாங்களே செய்ய அனுமதி கேட்கலாம். ஆனால் அளவுப் புத்தகம், தரச் சோதனை, பில் எல்லாம் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற பொறியாளராவது தெருவில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆக 60 வீடு, 9 லட்சம், கௌரவமான வசூல் நடக்கும் தெரு என்றால் நமக்கு நாமே. தினக்கூலிக் குடும்பங்கள் அதிகம் உள்ள தெருவில் வசூல் பேச்சே தப்பு. வரி கட்டுகிறவர்களுக்குப் பொதுநிதியில் உரிமை இருக்கிறது, பகுதி சபை வழியாக அதை விடாமல் கேட்க வேண்டும். தொகுதி நிதியை வாறுகாலில் முடக்காமல் அங்கன்வாடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் காலம் முக்கியம். கால்வாயில் இணைக்கும் வேலை, கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் ஜூனுக்கு முன் முடிய வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் தோண்டிய பள்ளம் குளம்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் ஜங்ஷன் பகுதி எப்படி மூழ்கியது என்று எல்லோருக்கும் தெரியும். டவுண் ரதவீதிகளில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமும் குறுக்கே வரும். அங்கே மூடிப் பலகை தேர்ச் சக்கரத்தின் பாரத்தைத் தாங்கும்படி மதிப்பீட்டிலேயே தனியாக வடிவமைக்கச் சொல்ல வேண்டும். ஆகவே ஜனவரியில் வேலை உத்தரவு கையில் இருக்கும்படி முந்தைய ஜூலையிலேயே மனுவைக் கொடுங்கள்.

வேலை நடக்கும்போது சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தளக் கான்கிரீட் போடும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு தரையின் கனத்தை யாரும் தோண்டிக் காட்டமாட்டார்கள்.