வீச்சு வலைக்கு எந்த ஈயம்? பற்றரி ஈயமும் கேபிள் ஈயமும்

புது வலை கட்டுகிறேன் என்று சொன்னால் கண் எத்தனை அங்குலம், நூல் எத்தனையாம் நம்பர் என்று ஆளுக்கு ஆள் ஆலோசனை சொல்வார்கள். ஈயம் என்று வரும்போது மட்டும் "ஈயம் ஈயம்தானே" என்று முடித்துவிடுவார்கள். வலையை வீசுகிறவருக்கு அது சரிதான். வலையைப் பழுது பார்க்கிறவருக்குச் சரியில்லை. மட்டக்களப்பு வாவியில் திரளி, மணலை மீன்களுக்கும் இறாலுக்கும் வீசுகிற வலை ஒன்றின் விளிம்பைத் தண்ணீரில் தாழ்த்த, அளவைப் பொறுத்து, நாலைந்து கிலோ ஈயம் தேவைப்படும். பழைய இரும்புக்கடையில் கிடைக்கும் கேபிள் உறை ஈயம், கராச்சில் கிடைக்கும் பற்றரி ஈயம், வாகனச் சில்லைச் சமப்படுத்தப் பொருத்துகிற ரயர் பலன்ஸ் கட்டைகள், கடையில் விற்கிற ரெடிமேட் குண்டு, ஈயமே இல்லாமல் இரும்புச் சங்கிலி என்று பல வழி உண்டு. நான் கேபிள் ஈயத்தை எடுத்தேன், இனியும் அதைத்தான் எடுப்பேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் எடை. இதில் பெரிய சண்டை இல்லை. சுத்தமான ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். பற்றரி ஈயத்தில் கலந்திருக்கும் அன்ரிமனி என்கிற உலோகம் அதைச் சற்றுக் குறைக்கும், ஆனால் கைக்குத் தெரியாது. இரும்பு 7.87. இதை வைத்துச் சங்கிலி வலை தாழாது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு கிலோ ஈயம் தண்ணீருக்குள் ஏறத்தாழ 3.65 கிலோவாக நிற்கும், நான்கு கிலோ இரும்பு 3.5 கிலோவாக நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தீர்மானிப்பது மென்மை. நைலோன் வலையின் ஆயுளும் ஈயத்தின் ஆயுளும் ஒன்றல்ல. கண்ணா மரத்தின் வேரிலும் ஊரிச் சிப்பியிலும் இழுபட்டு முதலில் தேய்வது ஈயம் கோத்த அடிக்கயிறு, அடுத்தது அதற்கு மேலே உள்ள சில வரிசைக் கண்கள். ஈயம் அப்படியே இருக்கும். கயிற்றை மாற்ற வேண்டுமென்றால் அதைச் சுற்றி மடித்திருக்கும் ஒவ்வொரு ஈயக் குண்டையும் விரித்துக் கழற்றி, புதுக் கயிற்றில் திரும்ப மடித்து அடிக்க வேண்டும். வலை இருக்கும் காலம் முழுக்க இந்த வேலை வந்துகொண்டே இருக்கும். மென்மையான ஈயம் என்றால் ஸ்குரூட்ரைவர் நுனியை மடிப்புக்குள் கொடுத்துத் திருகினாலே வாய் திறக்கும், குறட்டால் அமத்தினால் மூடும். சுத்த ஈயத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: செம்பையும் பித்தளையையும் வளைக்க வளைக்க இறுகும், ஈயம் அப்படி இறுகாது. அறை வெப்பத்திலேயே அதன் உள்ளமைப்பு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அன்ரிமனி சில வீதம் கலந்தால் ஈயம் கடினமாகிவிடும். மடித்து அடிக்கும்போதே முதுகில் கீறல் விழும், விரித்து மறுபடி மடித்தால் இரண்டாகப் போகும். கீறல் விழுந்த குண்டின் விளிம்பு கயிற்றையும் அறுக்கும்.

பழைய தொலைபேசிக் கேபிள்களின் உறையாக வருகிற ஈயம் பெரும்பாலும் இந்த மென்மை ரகம். பழைய வீடுகளில் கழற்றிய ஈயக் குழாயும் அப்படியே. கடையில் வைத்தே சோதிக்கலாம். நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும். சிமெந்துத் தரையில் போட்டால் 'தொப்' என்று விழ வேண்டும், கணீர் என்று ஒலித்தால் அது கடின ரகம். கேபிள் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இரவில் வெட்டிக் கொண்டுவந்த சாமான் என்று சந்தேகம் வந்தால் தொடாமல் வந்துவிடுவது நல்லது.

"என்ன மச்சான், கராச்சில பற்றரி சும்மா கிடக்கக்குள்ள காசு குடுத்து ஈயம் வாங்குறாய்?" என்று கல்லடிக் கூட்டாளி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் சும்மா கிடைப்பது போலத் தெரிவது சும்மா இல்லை. பற்றரியின் பாரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. தகடுகளில் பெரும்பகுதி ஈய சல்பேற்றும் ஒட்சைட்டும் கலந்த பசை. அது விறகடுப்பில் உலோகமாகாது, சாம்பலாக மேலே மிதக்கும். மிஞ்சுவது சட்டங்களும் முனைகளும்தான். உடைக்கும்போது அமிலம், உருக்கும்போது நச்சுத் தூள். பராமரிப்புத் தேவையில்லை என்று விற்கிற புது ரகப் பற்றரிகளில் கல்சியம் கலந்த ஈயம் இருக்கிறது. அதையும் பழைய அன்ரிமனி ரகத்தையும் ஒன்றாக உருக்கி, அள்ளி எறிந்த கசடில் ஈரம் பட்டால் கொடிய நச்சு வாயு கிளம்பக்கூடும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பின்வளவில் பற்றரி உடைப்பது என்றால் அந்தத் தூள் பிள்ளைகள் விளையாடுகிற மண்ணில்தான் போய்ச் சேரும். என் கணக்கில் பற்றரி ஈயம் இத்துடன் முடிந்தது.

ரயர் பலன்ஸ் கட்டைகளில் ஏறத்தாழ 3 வீதம் அன்ரிமனி இருக்கும், ஆகவே அதுவும் கடினம். இன்னொரு தொல்லை, இப்போது வருகிற கட்டைகளில் நாகமும் (துத்தநாகம்) இரும்பும் கலந்து கிடக்கும். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில், நாகம் 419 பாகையில். சூட்டை அடக்கி வைத்தால் நாகம் உருகாமல் மிதக்கும், அள்ளி எறியலாம். அடுப்பு மீறினால் நாகம் கலந்து முழுச் சட்டியும் கஞ்சி போலாகிவிடும்.

கடைக் குண்டு நேரம் இல்லாதவருக்கு நல்லது. அளவு ஒன்றுபோல இருக்கும், வலை வட்டமாக விழும். விலைதான் கூட.

சங்கிலியைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, இரவல் வலையில் வீசிப் பார்த்த பழக்கம் மட்டும்தான். விரிவது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாவித் தண்ணீரின் உப்புக்கு இரும்பு துருப்பிடிக்கும், துரு கயிற்றைத் தின்னும். படுவான்கரைப் பக்கம் குளத்து நன்னீரில் மட்டும் வீசுகிறவர்களுக்கு இது ஒத்துவரலாம். நச்சுத் தொல்லையும் இல்லை.

உருக்குவது பற்றிச் சில வார்த்தை. வீட்டுக்குள்ளே வேண்டாம், காற்றோட்டமான வெளியில், பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காற்று முதுகுப்பக்கம் வர நின்று செய்யுங்கள். இரும்புச் சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், அது திரும்பவும் குசினிக்குப் போகக் கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி தண்ணீர் போனாலும் நீராவியாக வெடித்து முகத்தில் தெறிக்கும். அகப்பையையும் தட்டையும் சூடுகாட்டி உலர்த்திய பிறகே தொட வேண்டும். மாரிக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். நான் உலர்ந்த தகரத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆறியதும் தட்டி இரண்டு மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவந்து, கத்தரித்து மடிக்கிறேன். கேபிள் உறை தகடாகவே வந்தால் உருக்கவும் தேவையில்லை, கத்தரிக்கோலும் குறடும் போதும். அன்று வேலையில் பாதி மிச்சம்.

கடின ஈயம் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை எறிய வேண்டாம். முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் அதைத் துளையுள்ள குண்டாக வார்த்துக்கொள்ளலாம். அச்சின் மூலைவரை நன்றாக ஓடும், கல்லில் அடிபட்டாலும் நசுங்காது, விரித்து மடிக்கிற தேவையும் இல்லை. வலைக்குரிய ஈயத்தோடு கலந்துவிடாமல் வேறு ரின்னில் போட்டு, மேலே எழுதி வையுங்கள். ஒரு முறை கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.